வெறுங்காற் புறோத்

அடுக்களைக்குள்ளே பண்டிதனுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. ஒரு மொழியின் பழஞ்சொற்கள் மன்றங்களிலும் ஏடுகளிலும் வழக்கொழிந்த பின்னரும் அடுப்படியிலே நெடுங்காலம் உயிரோடிருக்கின்றன. உலை, அகப்பை, கஞ்சி, கூழ் என்பனவற்றை நமக்கு எந்த நிகண்டும் கற்பிக்கவில்லை, தாய்மார் கற்பித்தனர். இது தமிழுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. ஸ்கொட்லாந்து தேசத்தாரின் அடுக்களையிலே கிடக்கும் சில சொற்களைக் கொண்டு, அத்தேசத்து உணவொன்றைப் பற்றிய ஒரு வழக்கைத் தீர்த்துவிடலாம் என்பது என் துணிபு. வழக்கு இது: ஸ்கொட்ச் புறோத் என்று பெயர்பெற்ற சூப்பை இறைச்சி சேராமற் காய்ச்சினால், அதற்கு அப்பெயர் ஆகுமா, ஆகாதா?

ஆகும் என்பது என் கட்சி. காரணஞ் சொல்லுமுன் பொருளை அறிமுகஞ் செய்தல் முறை.

வாற்கோதுமை என்று ஏட்டிலும் பார்லி என்று கடையிலும் நாம் சொல்லும் தானியத்தை முதலாகக் கொண்டு காய்ச்சப்படும் தடித்த சூப்பே ஸ்கொட்ச் புறோத். தெளிந்த இரசம் போன்றதன்று. ஏறக்குறையக் கூழின் பதத்தை எட்டுவது. பார்லியோடு உலர்ந்த பட்டாணி சேரும். கரட், லீக்ஸ், வெங்காயம், மஞ்சள் நிறமான பெரிய ரேணிப் ஆகியன சிறு துண்டங்களாக அரியப்பட்டுச் சேரும். இறுதியிலே கோவா, அல்லது கோவாவின் இனமாகிய கேல் என்னும் சுருளிலைக் கீரை சேரும். இவையெல்லாம் ஆட்டின் கழுத்திறைச்சியோடு இரண்டு மூன்று மணிநேரம் மெல்லென வேகும். சமையல் நூல்கள் பெரும்பாலும் கூறும் முறை இதுதான். நம் வாசகருக்கு லீக்ஸையும் கரட்டையும் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நுவரெலியாவின் குளிர் அவற்றை நமக்கும் தந்திருக்கின்றது.

இவ்வழக்கு என்னிடம் வந்த வகையையும் சொல்லிவிடுகின்றேன். என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி ஸ்கொட்லாந்திலே தாதியாகப் பணிபுரிகின்றாள். பிறந்தது முதல் மச்சம் தொடாதவள். குளிர்காலத்தில் ஒருநாள், உடன் பணிபுரிவோர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பானை சூப்புக் கொண்டுவந்து பகிர்ந்துண்பது அவள் பணிபுரியும் இடத்து வழக்கமாம். முதலிரண்டு ஆண்டுகளும் அவள் பாணை மாத்திரம் தின்றுவிட்டு எழுந்திருக்கின்றாள். மூன்றாம் ஆண்டிலே, அயலில் வாழும் மூதாட்டி ஒருவரிடம் முறை கேட்டு, இறைச்சியில்லாமல் ஒரு பானை காய்ச்சிக் கொண்டுபோய், 'ஸ்கொட்ச் புறோத், மரக்கறி' என்று ஒரு சீட்டில் எழுதிப் பானையின் முன்னே வைத்தாள். சிறிது நேரங் கழித்துப் பார்த்தபோது, யாரோ அப்பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு 'மரக்கறிச் சூப்பு' என்று எழுதியிருந்தனர். பானை வெறுமையாயிற்று, எல்லாரும் விரும்பித்தான் உண்டனர். ஆயினும் அவள் எனக்கு எழுதிய கடிதத்திலே உணவைப் பற்றியது ஒருவரிதான். எஞ்சியதெல்லாம் அந்தக் கோட்டைப் பற்றியது. "ஐயா, நான் எழுதிய பெயர் பிழையா? வெளியிலிருந்து வந்தவள் என்பதால் அந்தப் பெயரை எழுத எனக்கு உரிமையில்லையா?" என்று கேட்டிருந்தாள்.

வினா இரண்டு. முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவது தானே அற்றுப்போகும்.

கோடிட்டவரின் நியாயத்தை எள்ளி நகையாடுதல் தகாது. பெயர் என்பது ஊரார் செய்துகொண்ட உடன்படிக்கை. 'பாற்சோற்றிலே பாலை நீக்கிவிட்டுப் பாற்சோறு என்பீரோ? அவ்வாறே இறைச்சியை நீக்கியபின் அது ஸ்கொட்ச் புறோத் அன்று. மரக்கறியை வேகவைத்த நீருக்கெல்லாம் ஒரு தேசத்தின் பெயரைச் சூட்டினால் அப்பெயருக்கு என்ன மதிப்பு?' என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பண்டிதர் கூட்டத்திலே பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் எத்தனை பேர்? ஆதலின் அவரை நான் பகைவராகக் கொள்ளவில்லை.

ஆனால் அவர் காட்டக்கூடிய உவமையே அவர் வழக்கைக் கெடுத்துவிடுகின்றது. பாற்சோறு என்னும் பெயருக்குள்ளே பால் இருக்கின்றது. ஸ்கொட்ச் புறோத் என்னும் பெயருக்குள்ளே ஆடு எங்கே? முதற்சொல் தேசத்தைக் குறிப்பது. இரண்டாஞ்சொல்லாகிய புறோத் என்பது பழைய ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். கொதித்தல், காய்ச்சுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து கிளைத்தது. மது வடித்தலைக் குறிக்கும் 'புறூ' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது. ஆகவே 'ஸ்கொட்லாந்தார் காய்ச்சியது' என்பதற்கு மேல் அப்பெயர் ஒன்றுஞ் சொல்லவில்லை. எதனைக் காய்ச்சினார்கள் என்பது வழக்காற்றிலே தேடவேண்டிய செய்தி.

பெயரிலே இறைச்சி வெளிப்பட இருந்து, பானையிலிருந்து அது போனபின்பும் பெயர் போகாத சூப்பு ஒன்றும் அந்நாட்டில் உண்டு. வடகிழக்குக் கடற்கரையிலே கலன் என்றோர் ஊர். அவ்வூர்ச் சூப்புக்குக் கலன் ஸ்கிங்க் என்று பெயர். ஸ்கிங்க் என்பது மாட்டின் முன்காற்றண்டு. அதனை வேகவைத்துச் செய்த சூப்பும் ஆகுபெயராய் ஸ்கிங்க் எனப்பட்டது. இன்று கலன் ஸ்கிங்கிலே மாட்டின் காலுமில்லை, வாலுமில்லை. புகையூட்டிய ஹடொக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் இவ்வளவுதான். காரணப்பெயராய்ப் பிறந்தது காரணத்தை உதிர்த்துவிட்டு இடுகுறிபோல் நிற்கின்றது. அந்தக் கடற்கரையார் அச்சூப்பைப் பெருமையோடு அப்பெயராலேயே பரிமாறுகின்றனர். எவரும் கோடிட்டு அடித்ததில்லை. மாட்டின் கால் மீனாக மாறலாம், ஆட்டின் கழுத்துப் பட்டாணியாக மாறலாகாது என்றால், அது இலக்கண விதியன்று.

இனிக் கேல் என்னும் சொல்லைப் பார்ப்போம். உறைபனியிலும் அழியாது நிற்கும் கீரை கேல். பனி விழுந்தபின் அதன் சுவை இனிமை பெறுமேயன்றிக் குறையாது. குடியானவனின் வீட்டையடுத்த சிறு தோட்டத்துக்குக் கேல்யார்ட், அதாவது கேற்றோட்டம், என்பதே பெயராயிற்று. அக்கீரையிட்டுக் காய்ச்சிய சூப்பும் கேல் எனப்பட்டது. பின்னர் மதிய உணவு முழுவதுமே கேல் எனப்பட்டது. 'எங்கள் வீட்டில் வந்து கேல் உண்ணும்' என்றால் 'விருந்துக்கு வாரும்' என்பது பொருள். உணவு நேரத்தை அறிவிக்கும் மணி கேல் மணி. ஒரு கீரையின் பெயர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஆகிவந்த தேசத்திலே, கீரையும் தானியமும் மாத்திரம் உள்ள பானை அந்நியமானது என்று எவ்வாறு சொல்வது?

இலக்கிய அன்பர்கள் இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்வர். 1890களிலே ஜே. எம். பாரி, இயன் மக்லாரன் முதலியோர் எழுதிய கிராமியக் கதைகளை ஏளனஞ் செய்யப் புகுந்த திறனாய்வாளர், அவற்றுக்குக் 'கேல்யார்ட்' இலக்கியம் என்றே பெயரிட்டனர். அக்கதைகளிலே கண்ணீர் சற்று மலிவு என்பது மெய்தான். ஆயினும் ஏளனத்துக்கு வேறு சொல் அகப்படாமல் ஏழையின் கீரைத்தோட்டத்தையே எடுத்தனர் பாருங்கள்.

சொல்லாராய்ச்சி இம்மட்டில் நிற்க. வரலாறு என்ன சொல்கின்றது? பைன்ஸ் மொறிசன் என்னும் ஆங்கிலப் பயணி 1598இல் ஸ்கொட்லாந்து சென்றார். அங்கே ஒரு பிரபுவின் வீட்டிலே தாம் கண்ட பந்தியை எழுதிவைத்திருக்கின்றார். பெரிய தட்டுகளிலே தானியக் கூழ் வந்தது. ஒவ்வொன்றிலும் சிறுதுண்டு இறைச்சி கிடந்தது. பந்தியின் தலைப்பக்கத்திலே இருந்த பெரியோருக்கு மாத்திரம் உலர்ந்த பிளம்ஸ் பழத்தோடு வெந்த கோழி வந்தது. ஒரே கூடம், ஒரே நேரம், இடத்துக்கேற்ற உணவு. பிரபுவின் கூடத்திலேயே கடைப்பந்திக்குச் சிறுதுண்டுதான் என்றால், கூடத்துக்கு வெளியே குடிசையிலே வெந்த பானையில் என்ன கிடந்திருக்கும்?

இதற்கு விடை சொல்ல அத்தேசத்தின் மகாகவியின் வீட்டுக்கே போகலாம். றொபேட் பேர்ன்ஸ் 1759இல் பிறந்தவர், உழவர் மகன். அவருடைய தம்பியார் கில்பேட், தங்கள் இளமைக்கால வறுமையைக் குறித்து எழுதிய கடிதமொன்றிலே, பல ஆண்டுகள் தங்கள் வீட்டிற்குள் கடையிறைச்சி வந்ததேயில்லை என்று தெரிவித்திருக்கின்றார். அக்குடும்பம் உண்டது ஸ்கொத்து உணவா, அன்றா? உழைத்து இளைத்த அந்த உடலிலிருந்துதானே ஸ்கொத்து மொழியின் உயர்ந்த கவிதைகள் வந்தன! 1786இல் வெளிவந்த தம் முதல் நூலிலே, ஜேம்ஸ் ஸ்மித் என்னும் நண்பருக்கு எழுதிய செய்யுட் கடிதத்தில், பேர்ன்ஸ் தம் எளிய உணவுகளுள் ஒன்றாக 'மஸ்லின் கேல்' என்பதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றார். அதற்கு உரை தேடி ஸ்கொத்து அகராதியைப் புரட்டினால், தண்ணீர், உமி நீக்கிய பார்லி, கீரை ஆகியன மாத்திரம் சேர்ந்த, இறைச்சியில்லாத சூப்பு என்று காணப்படுகின்றது.

அதனினும் என் மனத்தைக் கவர்ந்த சொல் வேறொன்று. இறைச்சி சேராமல், சிறிது வெண்ணெய் மாத்திரம் இட்டு மரக்கறியோடு காய்ச்சிய சூப்புக்கு ஸ்கொத்து மொழியிலே 'பெயாபிற் புறோத்' என்று ஒரு பெயர் உண்டு. தமிழிலே சொன்னால், வெறுங்காற் புறோத். காலுக்குச் சப்பாத்து இல்லாதது போலப் பானைக்கு இறைச்சி இல்லை. எத்துணை அழகான பெயர்! இல்லாமையைச் சொல்கின்றது, ஆனால் இழிவாகச் சொல்லவில்லை. சப்பாத்து இல்லாதவனும் மனிதன்தானே. வெறுங்காற் புறோத்தும் புறோத்துதான் என்பது அச்சொல்லை ஆக்கிய ஏழைமக்களின் தீர்ப்பு. அடையடுத்த பெயர் இனத்தினின்று விலகாது, செந்தாமரையும் தாமரையே.

ஏன் இந்தச் செய்தி சமையல் நூல்களிலே எளிதில் அகப்படுவதில்லை? யார் எழுதினார்கள், யாருக்கு எழுதினார்கள் என்று பார்த்தால் விளங்கிவிடும். ஸ்கொட்லாந்திலே அச்சேறிய முதற் சமையல் நூல் 1736இல் கிளாஸ்கோவில் வெளிவந்த மக்லின்டொக் அம்மையாரின் நூல். அதன்பின் பெரும்புகழ் பெற்றது, 1826இல் வெளிவந்த மெக் டொட்ஸ் என்பவரின் நூல். மெக் டொட்ஸ் என்று ஒருவர் பிறக்கவேயில்லை. வோல்ட்டர் ஸ்கொட் எழுதிய நாவலொன்றிலே வரும் சத்திரக்காரி அவள். கிறிஸ்டியன் இசபெல் ஜோன்ஸ்ட்டன் என்னும் அம்மையார் அக்கதாபாத்திரத்தின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு தம் சமையல் நூலை வெளியிட்டார். எழுத்தறிந்த, இறைச்சி வாங்கும் வசதியுள்ள இல்லங்களுக்காக எழுதப்பட்டவை இந்நூல்கள். தண்ணீரிலே பார்லியையும் கீரையையும் இட்டுக் காய்ச்சுபவளுக்கு அச்சிட்ட நூல் எதற்கு?

ஏழையின் பானையைப் பற்றி அறிய வேறு ஏடு இருக்கின்றது. சேர் ஜோன் சின்கிளேயர் என்பவர் தேசமெங்குமுள்ள 900க்கு மேற்பட்ட கோயிற்பற்றுகளின் குருமாருக்கு வினாக்களை அனுப்பி, அவர்கள் எழுதியவற்றை 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்டார். தொழிலாளரின் உணவைச் சொல்லுமிடங்களிலே ஓட்ஸ் மா, கேல், உருளைக்கிழங்கு, பால் என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. இறைச்சி அருமையாகவே வருகின்றது. மச்சம் இல்லாத பானை ஒருநாட் புதுமையன்று. அந்நாட்டிலே பலருக்கு அது நாளாந்த வழக்கு.

ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சனின் செய்தி ஒன்றும் இங்கே கூறத்தகும். ஸ்கொட்லாந்தாரை எள்ளுவதிலே அவருக்குத் தனி இன்பம். 1755இல் வெளியிட்ட தம் அகராதியில் ஓட்ஸுக்குப் பொருள் கூறுமிடத்தும் அக்குறும்பு தெரிகின்றது. அத்தகையவர் 1773ஆம் ஆண்டு ஆவணியிலே அபடீன் நகரில் ஸ்கொட்ச் புறோத்தை முதன்முறையாக உண்டு, தட்டுத் தட்டாக வாங்கி உண்டார் என்று, உடன் சென்ற பொஸ்வெல் எழுதியிருக்கின்றார். பொஸ்வெல் அந்த உணவை நினைவுகூரும்போது அதிலே பார்லியும் பட்டாணியும் இருந்தன என்றுதான் குறிக்கின்றார். அன்று அப்பானையிலே ஆடு இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. கண்டவர் கண்ணிலே முதலில் நின்றது எது என்பதை மாத்திரம் சுட்டுகின்றேன்.

பார்லிதான் இச்சூப்பின் உயிர். அதனைப் பக்குவப்படுத்திய வரலாறும் சுவையானது. உமியோடு கூடிய பார்லியை ஸ்கொத்துப் பெண்கள் குழிந்த கல்லில் இட்டு மரக்கொட்டாப்புளியாற் குற்றி எடுத்தனர். நம்முடைய உரலும் உலக்கையுந்தான். 1710ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் மெய்க்கில் என்னும் தச்சரைச் சால்ற்றன் ஊரின் பிளெச்சர் குடும்பத்தார் ஒல்லாந்துக்கு அனுப்பினர். அவர் அங்கே பார்லி உமி நீக்கும் ஆலையின் நுட்பத்தைக் கற்றுவந்தார். அதன்பின் சால்ற்றனில் எழுந்த ஆலையே பிரித்தானியாவில் அவ்வகையில் முதலாவது. சால்ற்றன் பார்லி கடைகளிலே பெயர் சொல்லி விற்கப்படும் பண்டமாயிற்று. பார்லியைத் தேடி ஒரு தச்சரைக் கடல் கடந்து அனுப்பிய தேசம் அது.

இவ்வளவையும் எழுதி, "பிள்ளை, நீர் எழுதிய பெயர் பிழையன்று, கோடிட்டவர் தம் பாட்டியாரின் சொல்லையே அடித்துவிட்டார்" என்று மாணவிக்கு விடையனுப்பினேன். அடுத்த ஆண்டுச் சீட்டிலே வெறுங்காற் புறோத் என்னும் பெயரை ஸ்கொத்து மொழியிலேயே எழுதும்படியும் சொன்னேன்.

எனினும் எல்லாச் சூப்புக்கும் இவ்வுரிமையைக் கொடுத்துவிட நான் ஒருப்படேன். கொக்-அ-லீக்கி என்று மற்றொரு சூப்பு உண்டு. கோழியும் லீக்ஸும் சேர்ந்தது; பழைய முறைப்படி உலர்ந்த பிளம்ஸும் இடுவார்கள். சேவலைக் குறிக்கும் சொல் பெயரின் தலையிலேயே நிற்கின்றது. சேவலை நீக்கிவிட்டு அப்பெயரைச் சொல்வது பாலில்லாப் பாற்சோறுதான். லீக்ஸும் பழமும் சேர்ந்த சூப்பு நல்ல சூப்பு. அதற்கு வேறு பெயர் இடுக.

ஹகிஸ் என்னும் ஆட்டுக்குடல் உணவின் கதை வேறு. பேர்ன்ஸ் அதனை விளித்துப் பாட்டே பாடியிருக்கின்றார். ஆனால் 1984இல், எடின்பரோவிலே ஸ்கொத்துக் கவிதை நூலகத்தின் திறப்பு விழாவுக்காக, மக்சுவீன் என்னும் இறைச்சி வணிகக் குடும்பத்தாரே மரக்கறி ஹகிஸ் செய்தனர். ஓட்ஸ், பருப்பு, அவரை, விதைகள், வாசனைப் பொருள்கள் சேர்ந்த அது, இன்று பேர்ன்ஸ் விருந்துகளிலே பலர் இலையில் இடம்பெறுகின்றது. கவிதை நூலகத்தின் வாயிலிலே பிறந்த மரக்கறி உணவு என்பதால் இலக்கியப் பக்கத்தார் அதனிடம் சற்று அன்பு காட்டலாம். அதற்கு இரண்டு நூற்றாண்டின் முன்னே, 1791இல், விலங்குகளுக்கு இரங்கிப் புலாலுண்ணாமையை வற்புறுத்தும் நூலை வெளியிட்ட ஜோன் ஒஸ்வால்ட் என்பவரும் எடின்பரோவிற் பிறந்தவரே. படைவீரராய் இந்தியா சென்று, இந்துக்களின் ஒழுக்கத்தைக் கண்டு புலாலைக் கைவிட்டவர் அவர்.

இனிக் காய்ச்சும் முறை. இங்கே என் சண்டை மரக்கறிக் கட்சியாரோடு. அவர்களிற் சிலர் இறைச்சியை நீக்கிய இடத்தை ஒரு பள்ளமாகக் கருதி, அதனை நிரப்ப இறைச்சிபோலச் செய்த பண்டங்களைக் கொட்டுகின்றனர். அல்லது கடையில் விற்கும் உப்புக் கட்டிகளைக் கரைக்கின்றனர். முன்னையது புறோத்தை வேடதாரியாக்குகின்றது. பின்னையது எல்லாச் சூப்பையும் ஒரே சுவையாக்குகின்றது. வெறுங்காலுக்கு மரச்சப்பாத்து மாட்டுவது போன்றது இது.

ஆட்டின் கழுத்து அப்பானையிலே செய்யும் வேலை என்ன என்று முதலில் ஆராய்தல் வேண்டும். அது கொழுப்பைத் தருகின்றது. வாசனைகளை ஏந்திச் செல்வது அக்கொழுப்பே. எலும்பையும் தசைநாரையும் சேர்ந்த பசை நீரிலே கரைந்து சூப்புக்கு உடம்பைத் தருகின்றது. நாவிலே நின்று நிலைக்கும் ஓர் ஆழ்ந்த சுவையையும் தருகின்றது. இம்மூன்று வேலைக்கும் வேறு ஆள் உண்டு. கொழுப்புக்கு வெண்ணெய், வேண்டாதார்க்கு மரக்கறி எண்ணெய். உடம்புக்குப் பார்லியும் பட்டாணியுமே போதும். மாப்பொருள் கரைந்து அவை பசைபோலத் தடிக்கும். ஆழ்ந்த சுவைக்குக் காளான் உதவும். ஸ்கொட்லாந்தின் கரையிலேயே கிடைக்கும் கடற்பாசியாகிய டல்ஸ் அதனினும் நன்று. தீவுப்புறத்து மக்கள் அதனை வெண்ணெயோடு வேகவைத்து உண்டதை 1703இல் வெளிவந்த மாட்டின் மாட்டினின் நூல் கூறுகின்றது. கடற்பாசியிலுள்ள குளூட்டமேற் என்னும் பொருளே அச்சுவையைத் தருவது என்று 1908இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா கண்டுசொன்னார். எடின்பரோத் தெருக்களிலே டல்ஸைக் கூவி விற்ற பெண்களுக்கு அது நாவறிந்த செய்தி.

அறுவர்க்கு அளவு சொல்கின்றேன். பார்லி 100 கிராம்; முதல்நாளிரவு ஊறவைத்த உலர்பட்டாணி 100 கிராம்; தண்ணீர் 2 லீற்றர். இவற்றை முதலில் மூடி, சிறுதீயிலே ஒரு மணிநேரம் வேகவிடுக. வேறொரு சட்டியிலே 50 கிராம் வெண்ணெயை உருக்கி, பெரிய வெங்காயம் ஒன்றையும் இரண்டு லீக்ஸின் வெண்பகுதியையும் அரிந்திட்டு, கருகாமல் கால்மணி நேரம் வதக்குக. அவசரப்படுவோர் இங்கேதான் கெடுக்கின்றனர். வெங்காயத்தின் காரம் அடங்கி இனிப்பு வெளிப்படும்வரை காத்திருத்தல் வேண்டும். பின் இரண்டு கரட்டையும் 250 கிராம் ரேணிப்பையும் சிறுதுண்டங்களாக இட்டு, ஓரம் சிவக்குமட்டும் புரட்டி, எல்லாவற்றையும் பார்லிப் பானையிலே சேர்த்து இன்னும் நாற்பது நிமிடம் காய்ச்சுக. மூன்றாவது கரட்டைத் துருவிச் சேர்த்தால் நிறமும் இனிமையும் சூப்பு முழுதும் பரவும். ஸ்கொத்து இல்லத்தரசியர் பலரும் செய்வது அது. டல்ஸ் கிடைத்தால் ஒரு சிறுபிடி. இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு லீக்ஸின் பச்சைப்பகுதியும் 150 கிராம் கேலும் சேர்க்க. எங்கள் வீட்டிலே கேலுக்குக் கோவாவும் டல்ஸுக்குக் காளானும் இட்டுக் காய்ச்சினோம், குறையொன்றும் தெரியவில்லை. தக்காளியும் தேசிப்புளியும் சேர்க்கவேண்டாம். புளிப்பு முந்திச் சேர்ந்தால் பட்டாணி வேக மறுக்கும். மிளகுதூள் போதும். கொத்தமல்லித்தழை இட என் இல்லாள் விரும்பினார். அது நம்மூர்ச் சூப்பாகிவிடும் என்று தடுத்தேன். அங்கே தூவுவது பார்சிலித் தழை.

பட்டாணி நசுங்கி, பார்லி விரிந்து, கரண்டி சற்றே கனக்கும்போது பதம் சரி. மீந்ததை எறிய வேண்டாம். இரவு முழுதும் பார்லி நீரை உறிஞ்சி, காலையிலே கூழைவிடத் தடித்துவிடும். ஒரு குவளை வெந்நீர் விட்டு, சூடாக்கி, உப்பை மீண்டும் பார்த்துக்கொள்க. இரண்டாம் நாளைய புறோத்தே மேலானது என்பது அந்நாட்டார் பலரின் கருத்து. அதனைச் சொல்லும்போது பழைய தலைமுறையார் ஒருமையிற் சொல்வதில்லை. ஸ்கொத்து மொழியிலே புறோத் பன்மைச் சொல்லாகவும் வழங்கும். "அவை இன்று நல்லாயிருக்கின்றன" என்றே அம்மூதாட்டியாரும் சொன்னாராம். என் மாணவி அதனைப் பேச்சுப் பிழை என்று எண்ணி எனக்கு எழுதியிருந்தாள். பிழையன்று, வழக்கு என்று அதற்கும் விடை எழுதினேன்.